இணையம் வந்த கதை – 7: விசிட்டிங் கார்டு எனும் கோட்டை

போன வாரம் ஒரு மேசை முன்னால் உங்களை உட்கார வைத்துவிட்டுப் போனேன். திருப்பூர் பனியன் கம்பெனி மேசை. ஒரு பக்கம் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையக் கணக்கைப் புதுப்பிக்கும் படிவம். மறுபக்கம் தனியார் இணைப்பு தரும் சத்யம் ஆன்லைன் சிடி.

முதலாளி எதை எடுப்பார்?

கம்பெனிக்குப் பெயர் வேண்டாம். 1999-ல் அவிநாசி சாலையில் எந்த ஏற்றுமதி அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் கேள்வி காத்திருந்தது.

நேரம் இரவு ஒன்பது. ஊர் சாப்பிடும் நேரம். ஆனால் குளிர்காலத்தில் ஜெர்மனிக்கு அது மாலை நாலரை, நியூயார்க்குக்குக் காலை பத்தரை. சரக்கு வாங்கும் இரண்டு பக்கத்துப் பையர்களும் நாற்காலியில் இருக்கும் ஒரே நேரம்.

மோடம் கத்துகிறது. நிற்கிறது. மறுபடி கத்துகிறது.

"கிடைச்சுதா தம்பி?"

"இல்லீங்க. பிஸியாவே இருக்குதுங்க."

மெர்ச்சண்டைசர் பையன் மறுபடி டயல் செய்கிறான். நிறத்துக்குப் பையர் சம்மதம் சொன்னால்தான் துணி சாயப்பட்டறைக்குப் போகும். இன்று பதில் வராவிட்டால் ஒரு நாள் போச்சு. நாட்கள் இப்படியே நழுவினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில். ஒரு ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

இத்தனை கோபம் இருந்தும் பழைய கணக்கை ஏன் விடவில்லை?

1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது வி.எஸ்.என்.எல். மூன்று வருடம் வேறு கடையே இல்லை. 1998 நவம்பரில் அரசு தனியாருக்கும் கதவைத் திறந்தது. உடனே நுழைந்தது ஆர். ராமராஜ் தலைமையில் சென்னையிலிருந்து கிளம்பிய சத்யம் இன்ஃபோவே. சத்யம் ஆன்லைன் அவர்களுடையதுதான். அவர்கள் நம்பியது ஒன்றைத்தான்: பிஸி டோன் கேட்டுச் சலித்தவர்கள் ஓடி வருவார்கள்.

கணக்கு சரி. ஒரு சின்ன அட்டை குறுக்கே நின்றது.

விசிட்டிங் கார்டு!

அதில் மின்னஞ்சல் முகவரி அச்சாகியிருந்தது. லெட்டர்பேடிலும் அதே. பையர் கம்ப்யூட்டரிலும் அதே. முகவரியின் வால் வி.எஸ்.என்.எல். பெயரில் முடிந்தது. கணக்கை விட்டால் முகவரியும் போகும். வெளிநாட்டுக்காரன் பழைய முகவரிக்கே அடுத்த ஆர்டரை அனுப்பிவிட்டால்?

கட்டணம் இரண்டாம் பட்சம். தொலைந்த ஒரு கடிதம் ஒரு சீசனையே கொண்டுபோய்விடும்.

முதலாளி யோசித்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சிடியையும் பையனிடம் நீட்டினார்.

"இதையும் போடு தம்பி. எது கிடைக்குதோ அதுல போ."

அன்றைய திருப்பூர் கார்டுகளில் இரண்டு முகவரிகள் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஒன்று பழகிய பையருக்கு. மற்றது அவசரத்துக்கு. வி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளர் விசுவாசமாக இருக்கிறார் என்று நினைத்தது. உண்மையில் அவர் கட்டுப்பட்டிருந்தார். விசுவாசம் வேறு, விட்டுப்போக வழியில்லாமை வேறு. இந்த வித்தியாசம் புரியாத கம்பெனிகள் பின்னால் பெரிய விலை கொடுத்தன.

புதியவர்களுக்கும் நிம்மதி இல்லை. அவர்கள் பிடித்த வாடிக்கையாளரின் கடிதம் கடல் தாண்ட வேண்டுமானால் பெரும்பாலும் வி.எஸ்.என்.எல். வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டுத் தொடர்புக்கு அன்று அதுதான் முக்கிய வாசல். எதிராளியிடமே அலைவரிசை வாங்கி எதிராளியோடு மோத வேண்டும்!

அந்தச் சங்கிலி பின்னர் தளர்ந்தது. தனியாரும் சொந்த வாசல் அமைக்கலாம் என்றானது. ஆனால் திருப்பூர்க்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கம்பெனிப் பெயரிலேயே முகவரி வாங்கிக்கொள்ளலாம் என்பதை ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள். இணைப்பு யாருடையதாக இருந்தாலும் முகவரி நம்முடையது.

கோட்டை இடிந்தது அங்கேதான்.

இனி வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க ஒரே வழி, நல்ல சேவை. அதற்குள் சென்னையில் இன்னொரு தொழிலதிபர் களமிறங்கிவிட்டார். பெயர் சி. சிவசங்கரன். அவர் கையில் இருந்த ஆயுதம், டயல் செய்யவே தேவையில்லாத இணைப்பு. பிஸி டோன் என்ற பேச்சுக்கே இடமில்லை!

அவருடைய டிஷ்நெட் நிறுவனம் ஜெயித்ததா? கடைசியில் அதை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா?

அடுத்த வாரம் சொல்கிறேன். காத்திருங்கள்.