750க்கு 282

1907. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் 750க்கு 282. இன்று இந்த மதிப்பெண்ணோடு ஒரு பிள்ளை வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அன்று பாராட்டுக் கூட்டம் நடந்தது. எஸ்.கே. போலே தலைமை தாங்கினார். கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். 1913இல் பீமராவ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

அந்தத் தேர்வுக்கு வீடு எப்படித் துணை நின்றது? பரேலில் ஒற்றை அறை. மகன் முதலில் உறங்குவார். தந்தை ராம்ஜி விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாவிட்டால் மணமான மகள்களின் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார். ராம்ஜி கண்டிப்பானவர்தான். ஆனால் சுமையில் பாதியைத் தாமே சுமந்தார்.

நம் பெற்றோரின் அதட்டலுக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது: இந்தக் கதவும் அடைபட்டால் வேறு வழியில்லை என்ற அச்சம். கதவுகளை அடைத்தது சாதி, பிள்ளை அல்ல. அந்தக் கணக்கைப் பிள்ளையின் விடைத்தாளில் தீர்க்க முடியாது.

தோழர்களே, தேர்வு மாதத்தில் நம் தெருவில் படிக்க ஓர் இடமும் விளக்கும் இரவல் புத்தகமும் ஏற்பாடு செய்வோம். முதலிடம் பெற்றவர்களை மட்டுமல்ல, தேறிய எல்லோரையும் மேடையேற்றுவோம். தவறிய பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போவோம்.