படுக்கச் சொன்ன காலமும் நடக்கச் சொன்ன காலமும்

உத்திரமேரூர் என்றால் கேட்பவர் உடனே "குடவோலை" என்பார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், முதலாம் பராந்தகன், 919, 921 என்ற ஆண்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிட்டன. நான் எழுத வந்தது எந்தச் சுவரிலும் வெட்டப்படாத ஒரு வரலாறு. மூச்சு வாங்கும் மனிதரைப் படுக்கச் சொல்வதா, நடக்கச் சொல்வதா என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. அதில் முக்கியமான பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெட்ராஸிலும் நடந்தது.

எங்கள் பக்கம் அதற்கு "இளைப்பு" என்று பெயர். இளைக்கக் காரணங்களுக்குக் குறைவில்லை. ஊரைச் சுற்றிக் கல்குவாரி, கிரஷர் தூசி. ஆண்களுக்குப் பீடி. பெண்களுக்கு அடுப்பு. என் அத்தை ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. நாற்பது வருஷம் சவுக்கு விறகும் வேலிக்காத்தான் முள்ளும் வறட்டியும் வைத்து ஊதாங்குழலால் ஊதியவர். பெயர் தெரியாத இருமலாக ஆரம்பித்தது கடைசியில் சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று ஆனது. தெருவே ஒரே குரலில் சொன்னது: "வேலையெல்லாம் போதும், பேசாம உக்காரு." அத்தை உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் கொல்லைக்குப் போய் வருவதற்குள்ளேயே இளைத்தது.

அத்தை தனிக்கதை இல்லை. 2007இல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, முப்பது வயதைக் கடந்த 900 பெண்களைச் சோதித்தார்கள். 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. எண் சின்னதாகத் தெரியலாம். நூறு பெண்கள் இருக்கிற தெருவில் இரண்டு மூன்று பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வு ஏன் அவ்வளவு இயல்பான வைத்தியமாகத் தோன்றியது? காசநோய்தான் அதற்குப் பழைய காரணம். மருந்து இல்லாத காலத்தில் சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, படுக்கை என்று சானடோரியங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அப்படி ஒன்றை நடத்தியவர் நம்மூர்க்காரர், டாக்டர் டேவிட் சௌரிமுத்து. 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே கொஞ்ச காலம் நோயாளியாக இருந்தார். சௌரிமுத்து இந்தியா திரும்பி 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 2019 வரை தாம்பரமும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

படுக்கைதான் மருந்து என்று எல்லோரும் நம்பிவிடவில்லை. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் 1905ஐ ஒட்டியே நோயாளிகளுக்குப் படிப்படியாக வேலை கொடுத்துப் பார்த்தார். முதலில் நடை, பிறகு கூடை சுமப்பது, பிறகு மண்வெட்டி. ஆனால் பொதுப்புத்தியில் நின்றது படுக்கைதான்.

அந்தப் படுக்கையை ஆட்டிப் பார்த்தது மெட்ராஸ். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை ஆரம்பித்தன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெரிசலான தங்கள் வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்று. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மோசம், ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானது. குணமானதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மருந்துதான் வேலை செய்தது, கட்டில் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் மெட்ராஸின் குடிசைகளுக்கும் பங்கு உண்டு.

சி.ஓ.பி.டி. வேறு நோய், அதற்குக் கிருமி கிடையாது. ஆனால் ஓய்வு என்ற பழக்கம் அந்த நோயையும் பிடித்துக்கொண்டது. 1950களில் அமெரிக்காவில் ஆல்வன் பராக் ஆக்சிஜன் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். 1960களில் டென்வரில் தாமஸ் பெட்டி அதையே முறையான பயிற்சித் திட்டமாக்கினார். நடந்தவர்கள் தேறினார்கள். ஆனால் நுரையீரல் சோதனை எண்கள் அப்படியே இருந்தன. அப்படியானால் தேறியது எது?

அதற்குப் பதில் தசையில் இருந்தது. நுரையீரல் தானாக விரியாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரிக் கவிந்திருக்கிற உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வரும். சி.ஓ.பி.டி.யில் சிக்கல், காற்று உள்ளே வருவதைவிட வெளியே போவதில் அதிகம். குறுகிய குழாய் வழியே காற்று வெளியேற நேரம் வேண்டும். வேகமாக நடந்தால் அந்த நேரம் கிடைக்காது. பழைய மூச்சு பாதி உள்ளே நிற்க, அதன்மேல் புது மூச்சு ஏறும். மார்பு ஊதிக்கொண்டே போகும். குடை தட்டையாகிவிடும். ஏற்கனவே குறுகிக் கிடக்கிற தசை, நாண் தளர்ந்த வில் மாதிரி, இழுக்க இடமில்லை.

அப்போது கழுத்தும் தோளும் உதவிக்கு வரும். இளைக்கிறவர் முட்டியில் கை ஊன்றிக் குனிவது அதனால்தான். கை ஊன்றினால் தோள்தசை மூச்சுக்குக் கிடைக்கும். தூக்கினால் அது கைவேலைக்குப் போய்விடும். 1986இல் பார்த்தலோமே செல்லியும் சகாக்களும் இதை அளந்து காட்டினார்கள்: கால் உடற்பயிற்சியில் ஒழுங்காக இருந்த மூச்சு, கையைத் தூக்கிச் செய்யும் பயிற்சியில் சிலருக்குத் தாளம் தப்பியது. அதைப் படித்தபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தார். "நடக்கிறதவிட தலை வார்றதுதான்டா கஷ்டமா கீது" என்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அந்தத் தசை நைந்துபோய்விட்டதா? 1976இல் லீத், பிராட்லி இருவரும் ஆரோக்கியமானவர்களின் மூச்சுத்தசையையும் கைகால் தசை போலப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். 1991இல் சிமிலோவ்ஸ்கி குழு, ஊதிய மார்பின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் நோயாளியின் உதரவிதானம் மற்றவர்களுடையதற்குக் குறையாமல் இழுக்கிறது என்றது. 1997இல் லெவின் குழு தசைத்துணுக்கையே எடுத்துப் பார்த்தது. களைக்காமல் நீண்ட நேரம் உழைக்கும் மெதுவகைத் தசைப்புரதம் மற்றவர்களிடம் 45 சதவீதம், கடும் நோயாளிகளிடம் 64. இரவும் பகலும் பாரம் இழுத்த தசை, நெடுந்தூர ஓட்டக்காரரின் தசை மாதிரி மாறியிருக்கிறது. உள்ளே அது அத்தனை வருஷமும் உழைத்திருக்கிறது, வெளியே நாம் "முடியாதவர்" என்கிறோம்.

நைந்துபோவது பெரும்பாலும் கால். உட்கார உட்காரத் தொடைத்தசை கரைகிறது. கரைந்த கால் சின்ன நடைக்கே திணறி மூச்சை இன்னும் அதிகமாகக் கேட்கிறது. இளைக்கும் என்று பயந்து மறுபடி உட்காருகிறோம். நடைப்பயிற்சி உடைப்பது இந்த வட்டத்தை. மூச்சுத்தசைக்கென்றே தனிக் கருவிகள் வந்திருக்கின்றன. தசை வலுப்படுகிறது, உண்மை. ஆனால் நல்ல நடைப்பயிற்சியோடு சேர்த்துச் செய்யும்போது அவை கூடுதலாகத் தரும் பலன் அதிகமில்லை என்றுதான் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன.

அத்தைக்கும் ஒரு டாக்டர் இதையே எழுதிக் கொடுத்தார். மருந்து இழுத்துவிட்டு, விரலில் ஆக்சிஜன் பார்த்துவிட்டு, நடக்க வேண்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். ஊதாங்குழல் ஊதிய அதே உதடு. ஏரிக்கரையில் முதல் நாள் இரண்டு மின்கம்பத் தூரம், இரண்டு முறை உட்கார்ந்து. பார்த்தவர்கள் என்னைத் திட்டினார்கள்: "முடியாத மனுசிய ஏன்டா இழுத்துகினு போற?" மூன்றாவது மாதம் பத்துக் கம்பம். நோய் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் கொல்லைக்கு யாரையும் கூப்பிடாமல் போய் வருகிறார். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய மானம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடுகிறது. வாரம் இரண்டு மூன்று முறை பஸ் ஏறிப் போகிற மூச்சு, கிராமத்துக்காரரிடம் இல்லை. ஆனால் இதற்கு வேண்டியவை மிகக் குறைவு: ஒரு மருத்துவரின் சோதனை, சமமான முப்பது மீட்டர் பாதை, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், பக்கத்தில் நடக்க ஓர் ஆள். கட்டில் இல்லாமல் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய மாநிலம் இது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரமே முப்பது மீட்டர் இருக்கும்.