சராசரி சரியாக இருந்தால் போதுமா?

இங்கிலாந்தின் அரச நாணயச்சாலையில் அடித்த காசுகளைச் சோதிக்கும் 'பிக்ஸ்' விசாரணை 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. அவ்வப்போது சில காசுகளை எடுத்துப் பெட்டியில் பூட்டிவைத்து, விசாரணை நாளில் நடுவர்கள் அவற்றை மொத்தமாக நிறுத்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. ஐசக் நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்த காலத்தில், 5760 கிரெயின் கொண்ட ஒரு டிராய் பவுண்டுத் தங்கத்தில் 44½ கினி என்னும் தங்கக் காசுகளை அடிக்க வேண்டியிருந்தது. அதாவது காசு ஒன்றுக்குச் சராசரி சுமார் 129.4 கிரெயின். பவுண்டுக்கு 40 கிரெயின் வரை கூடவோ குறையவோ பொறுத்துக்கொள்வார்கள். மொத்தம் 5720-க்குக் குறையாமலும் 5800-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற இந்தச் சமனிலி, சராசரியை 128.5-க்கும் 130.3-க்கும் இடையில் நிறுத்தியது. ஆனால் மக்கள் கையிலிருந்த காசை அது முழுமையாகக் காக்கவில்லை.

முதல் ஓட்டை, மொத்தத்துக்கு வைத்த எல்லை தனிக் காசைக் கட்டுப்படுத்தாதது. 126 கிரெயினில் ஒன்றும் 132.8 கிரெயினில் ஒன்றும் சேர்ந்தால் சராசரி 129.4 வந்துவிடும். கனத்ததைப் பொறுக்கி உருக்குபவருக்கு ஆதாயம். சந்தையில் மெலிந்தது மட்டுமே மிஞ்சும். இரண்டாவது ஓட்டை, காசு பெருகப் பெருகப் பொறுதியும் அதே விகிதத்தில் பெருகியது. காசுக்கு ஒரு கிரெயின் பிசகு என்றால் 100 காசுக்கு 100 கிரெயின் பொறுப்பார்கள். தற்செயலான மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், உண்மையில் மொத்தப் பிசகு பெரும்பாலும் 100-இன் வர்க்கமூலமான 10 கிரெயின் அளவில்தான் நிற்கும். எனவே காசுக்கு அரை கிரெயினை வேண்டுமென்றே குறைத்தவரும் விசாரணையில் தப்பிவிடலாம்.

வர்க்கமூலத்தோடு இணைந்த இந்த விதியைக் கணித அறிஞர் டி மாய்வர் 1733-இல்தான் தெளிவாக எழுதினார்; அதற்கு முந்தியவர்களைக் குறைகூறலாமா என்று கேட்கலாம். இரண்டாவது ஓட்டையைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. முதலாவதை அறியவோ ஒரு தராசே போதும். ஒவ்வொன்றையும் நிறுக்க ஆள்கூலி கட்டுபடியாகாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனாலும் காசு அடிப்பதற்கான வில்லைகளை அரத்தால் ராவி எடை சரிசெய்வது நாணயச்சாலைக்குப் பழகிய வேலைதான். 1840-களில் இங்கிலாந்து வங்கியின் வில்லியம் காட்டன் தானியங்கித் தராசை உருவாக்கிய பிறகு கூலியும் தடையாக இல்லை. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் 123.27447 கிரெயின் எடையுள்ள சவரன் என்ற தங்கக் காசுக்கு 0.2 கிரெயின் பொறுதியை ஒவ்வொரு காசுக்கும் விதித்தது. 122.5 கிரெயினுக்குக் கீழே தேய்ந்த சவரன் சட்டப்படி செல்லாததாகியது. சராசரி நாணயச்சாலையின் நேர்மையைக் காட்டலாம்; காசை வாங்குபவரின் உரிமையைக் காப்பது தனிக் காசுக்கு வகுத்த எல்லைதான்.