ஃபர்ளு கிஃபாயாவும் நம் பிள்ளைகளின் அறிவியல் கல்வியும்



தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்றுமுதல் இயந்திரங்கள் நம் வாசலிலேயே இயங்கி வருகின்றன. ஆயினும் அவற்றை வடிவமைப்போரின் வரிசையில் நம் பிள்ளைகள் இன்னும் குறைவே. 'அது மார்க்கத்துக்குப் புறம்பான கல்விதானே' என்னும் எண்ணமும், 'நம் போன்ற குடும்பத்துக்கு அது எட்டுமா' என்னும் தயக்கமும் இதற்குக் காரணங்கள். இரண்டுக்கும் வரலாற்றில் மறுமொழி உண்டு.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்று தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் வகைப்படுத்தினார்கள். ஊரில் தேவையான அளவு சிலர் கற்றுக்கொண்டால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும். எவருமே கல்லாவிடில் ஊரார் அனைவரும் பொறுப்பாளிகள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, மாணவர்கள் ஃபிக்ஹு விவாதங்களிலேயே குவிவதை அவர்கள் கண்டித்தும் எழுதினார்கள்.

14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் தலைமைப் பொறுப்பை வகித்தவர் இப்னு ஷாத்திர். ஆறு வயதில் தந்தையை இழந்து, தந்தத்தில் வேலைப்பாடு செய்யும் தொழிலைப் பயின்று வளர்ந்தவர். அந்தக் கைவினைஞர்தான் பள்ளியின் மினாராவுக்கு நிழற்கடிகாரம் அமைத்தார். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பே, 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலிலும் காணப்படுகிறது.

நம் மண்ணுக்கு வருவோம். இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனுக்குச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சேர்க்கைக்கு ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. மூத்த சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தத் தம்பி அப்துல் கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது.

செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவரே. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட அந்த விண்கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை நோக்குகிறது. திமிஷ்க் மினாராவில் நிழலை அளந்தவரும் நோக்கியது இதே சூரியனைத்தான்.

பெற்றோர்களே! வழிகள் இன்று திறந்தே இருக்கின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் மகனைக் கடை வேலைக்கு அனுப்பும் முன்பும், மகளின் படிப்பை நிறுத்தும் முன்பும், இவற்றை விசாரித்து அறியுங்கள். காலையில் மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளை, பகலில் இயற்பியலும் கற்கலாம். இரண்டும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளை அறியும் வழிகளே.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல ரஹ்மான் அருள்வானாக. ஆமீன்.