வெள்ளித் திறவுகோலும் இரும்புத் திறவுகோலும்

இங்கிலாந்து நாட்டின் அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் விற்பனைக் கூடங்களிலும் ஒருவகைத் திறவுகோல்கள் காணக் கிடைக்கின்றன. வெள்ளியால் செய்யப்பெற்று, சில பொன்முலாம் பூசப்பெற்று, பட்டும் வெல்வெட்டும் விரித்த சிறு பெட்டிகளுக்குள் அவை வைக்கப்பட்டிருக்கும். கட்டடம் ஒன்றின் திறப்பு விழா நாளில், விழாத் தலைவரின் கையில் ஒருமுறை ஏந்தப்படுவதற்காகவே அவை செய்யப்பட்டன. விழா முடிந்ததும் அவை நினைவுப் பரிசாகத் தலைவரின் இல்லம் சென்றன. மறுநாள் முதல் அக்கதவைத் திறந்ததும் பூட்டியதும் வேறொரு திறவுகோல், அது இரும்பாலானது. இவ்விரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குதல், ஆலயங்களைக் கட்டவும் பிரதிஷ்டை செய்யவும் பொறுப்பேற்கும் திருச்சபை ஊழியர்க்குப் பயன் தரும்.

வெள்ளித் திறவுகோலை முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்வோம். அதன் தண்டிலோ பிடியிலோ சிறு முத்திரைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நடக்கும் சிங்கத்தின் உருவம், 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சான்று. நங்கூரம் பர்மிங்காமையும், கிரீடம் செஃபீல்டையும், சிறுத்தையின் தலை லண்டனையும் குறிக்கும். முதலிரண்டு நகரங்களும் 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் தத்தம் மாற்றுச் சோதனை நிலையங்களைப் பெற்றன. ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தும், செய்தவரைக் குறிக்க அவர்தம் பெயரின் முதலெழுத்துகளும் உண்டு. பிடியின் ஒருபுறம் நகரத்தின் சின்னம் வண்ணப் பூச்சில் மிளிரும். மறுபுறம் கட்டடத்தின் பெயர், திறந்தவரின் பெயர், நாள், அன்பளித்த கட்டடக் கலைஞர் அல்லது ஒப்பந்தக்காரரின் பெயர் ஆகியவை செதுக்கப்பட்டிருக்கும். கல் சுமந்தோரின் பெயர் அதில் இடம்பெறுவதில்லை.

இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏன் செழித்தது என்பதற்குக் காரணங்கள் பல. 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும், 1850ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டமும், 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டமும் நகர மன்றங்கள், நூலகங்கள், பள்ளிகள் ஆகியன எங்கும் எழ வழிவகுத்தன. அவற்றோடு சிற்றாலயங்களும் ஞாயிறு பள்ளிக் கூடங்களும் தொழில் நகரங்களில் பெருகின. ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறியதாலும் அமெரிக்கச் சுரங்கங்களின் விளைச்சலாலும் 1870களில் தொடங்கி வெள்ளியின் விலை சரிந்தது. வெள்ளிப் பொருள்கள்மீது விதிக்கப்பட்டிருந்த தீர்வையும் 1890இல் நீக்கப்பட்டது. ஆகவே, முன்பு செல்வர்க்கே உரிய வெள்ளிப் பரிசு, நடுத்தர வணிகரும் சபைக் குழுவினரும் வழங்கக்கூடிய பொருளாயிற்று.

திறவுகோல் வெறும் அடையாளமாகிவிட்ட நிலைக்கு செஃபீல்டு நகர மன்றத்தின் திறப்பு விழா ஏற்ற சான்று. 1897ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அங்கு வந்த விக்டோரியா அரசியாருக்கு வயது 77. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. வண்டியில் அமர்ந்தவாறே, அதற்கெனச் செய்யப்பட்ட பூட்டில் திறவுகோலைத் திருப்பினார். அச்சைகை உள்ளே தெரிந்ததும், மறைவில் நின்ற ஆட்கள் வாயிற்கதவுகளைத் திறந்தனர். கூடியிருந்த மக்கள் கண்டது அரசியாரின் கையையே. கதவை நகர்த்திய கைகளை அவர்கள் காணவில்லை.

இனித் திருச்சபைக்கு வருவோம். திறவுகோலை அடையாளமாகக் கொள்ளும் வேறொரு பழைய முறைமை இங்கிலாந்துத் திருச்சபையில் உண்டு. புதிய குருவானவர் ஒரு பங்கில் பணியேற்கும்போது, ஆர்ச்டீக்கன் அவரது கையைப் பிடித்து ஆலயக் கதவின் திறவுகோல்மீதோ கதவின் வளையத்தின்மீதோ வைக்கிறார். பின்பு அவர் மணியடித்துத் தம் வருகையைப் பங்கு மக்களுக்கு அறிவிக்கிறார். இங்கே திறவுகோல் பரிசாகக் கொடுக்கப்படுவதில்லை; பொறுப்பாக ஒப்படைக்கப்படுகிறது. வெள்ளித் திறவுகோல் முடிந்துபோன ஒரு பணிக்கு மரியாதை செய்கிறது. கதவிலுள்ள இரும்புத் திறவுகோலோ தொடங்கவிருக்கும் பணியை உணர்த்துகிறது.

வாயிற்கதவு விழாவோடு திறக்கப்பட்ட ஆலயங்கள் பலவற்றின் உள்ளே வேறு கதவுகள் இருந்தன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய ஆலயங்களின் இருக்கைகள் பல, தனிக்கதவு கொண்ட அடைப்புகளாக அமைந்திருந்தன; சிலவற்றுக்குப் பூட்டும் உண்டு. பல ஆலயங்களில் வாடகை செலுத்தியோர்க்கே நல்ல இருக்கைகள் கிடைத்தன. ஏழைகள் பின்புறப் பலகைகளில் அமர்ந்தனர். 1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, நாடெங்கும் வழிபாட்டுக்கு வந்தோர் கணக்கிடப்பட்டனர். அக்கணக்கின் அறிக்கையை எழுதிய ஹொரேஸ் மான், தொழிலாள மக்கள் பெருந்திரளாய் வழிபாட்டுக்கு வராதிருப்பதைச் சுட்டி, இருக்கை முறையால் வெளிப்படும் வகுப்பு வேற்றுமையையும் அதற்கொரு காரணமாகக் கூறினார். வெளிக்கதவைத் திறந்த சபை உள்கதவைப் பூட்டி வைத்திருந்தது.

அந்நாட்டுப் பூட்டுகளையும் திறவுகோல்களையும் செய்த மக்கள் யாவர்? அந்நாளில் ஸ்டாஃபோர்டுஷயரைச் சேர்ந்திருந்த வில்லென்ஹால் என்னும் சிற்றூர் அத்தொழிலுக்குப் பேர்பெற்றது. சிறுவர் உழைப்பை ஆராய்ந்த அரசுக் குழுவுக்காக ரிச்சர்டு ஹார்ன் அங்குச் சென்று எழுதிய அறிக்கை 1843இல் வெளியாயிற்று. இளம் தொழில் பயில்வோர் நெடுநேரம் அரம் பிடித்து உழைத்ததையும், அவர்கள் அடிக்கப்பட்டதையும் அது விவரித்தது. பட்டறைப் பலகைமேல் குனிந்தே அராவியதால் அவர்களின் வலத்தோள் புடைத்து உடல் கோணியது. அதனால் அவ்வூர்க்குக் கூனர் நாடு என்னும் பொருள்படும் கேலிப்பெயரும் வழங்கியது. வெள்ளிப் பரிசுகள் பெருகியது இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான். ஆயினும், இங்கிலாந்தின் கதவுகள் இப்படிப்பட்ட தோள்களின் உழைப்பாலேயே திறந்து மூடின என்பதை மறுக்க இயலாது.

தோள் என்றவுடன் ஏசாயா 22ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. அரமனை விசாரிப்புக்காரனாகிய செப்னா, உயர்ந்த இடத்தில் தனக்கெனக் கல்லறை வெட்டிக்கொண்டதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டுப் பதவியினின்று நீக்கப்படுகிறான். அவனுக்குப் பதிலாக எலியாக்கீம் ஏற்படுத்தப்படுகிறான். தாவீதின் வீட்டுத் திறவுகோல் அவனுடைய தோளின்மேல் வைக்கப்படுகிறது. பண்டைக்காலத்து மரத் திறவுகோல்கள் கனமும் நீளமும் உடையவை. ஆகவே தோளில் சுமத்தல் அக்கால வாழ்விலிருந்தே எழுந்த உருவகம். எருசலேமுக்கு அருகே சீலோவாம் ஊரில் 1870இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறைக் கல்வெட்டொன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அரமனை விசாரிப்புக்காரன் ஒருவனுடையது. அவன் செப்னாவாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஆனால் பெயரின் முற்பகுதி சிதைந்துபோயிற்று. கடைசி எழுத்துகளே எஞ்சியுள்ளன. தன் நினைவுக்கென ஒருவன் கல்லில் வெட்டிய பெயரே நிலைக்கவில்லை.

செப்னா நினைவுச் சின்னத்தை நாடினான். எலியாக்கீம் சுமையை ஏற்றான். அத்திறவுகோலை வெளிப்படுத்தின விசேஷம் 3:7 கிறிஸ்துவின் கையில் காண்கிறது. நியாயசாஸ்திரிகள் அறிவின் திறவுகோலை எடுத்துக்கொண்டு பிறரை உட்புகவிடாது தடுத்ததை லூக்கா 11:52 கண்டிக்கிறது. வேதத்தில் திறவுகோல் வருமிடத்தெல்லாம், உள்ளே வருவோர் யார், தடுக்கப்படுவோர் யார் என்னும் வினாவும் உடன் வருகிறது.

வெள்ளித் திறவுகோல்களை இகழ்வது நம் நோக்கமன்று. அவற்றைச் செய்தோரின் கைத்திறன் போற்றத்தக்கது. நன்றி சொல்ல விரும்பிய சபையாரின் உள்ளமும் மெய்யானதே. ஆயினும், நம் ஆலயங்களின் பிரதிஷ்டைக் கல்வெட்டுகளையும் இக்கண்கொண்டு ஒருமுறை வாசித்தல் நலம். விடியற்காலையில் எவரும் வருமுன் வந்து, இரும்புத் திறவுகோலைத் திருப்பிக் கதவைத் திறந்து, விளக்கேற்றி, மணியடிக்கும் கோயில்குட்டியாரின் பெயர் அக்கல்லில் இல்லை. ஆனால், அடுத்த ஞாயிறன்று அவர் வாராவிட்டால், கல்லில் பெயருள்ள அனைவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.