ஈட்டியும் பலாவும்: பழைய மரம் கிட்டாருக்கு வந்த வரலாறு

வட்டக்கோட்டை மதிலில் ஏறி நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காக அவருடைய தளபதி டி லனாய் திருத்திக் கட்டிய கருங்கல் கோட்டை இது. அந்த அரசு மலையின் மரத்தையும் தன் கைக்குள் வைத்திருந்தது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை திருவிதாங்கூரில் ராஜ மரங்கள். யார் நிலத்தில் முளைத்தாலும் உரிமை அரசுக்கே. 1888-இல் அந்த அரசின் கோன்னி காடு காப்புக்காடானது.

தமிழகத்தின் பிற பகுதிகளில் தோதகத்தி எனப்படும் இந்த ஈட்டிதான், பின்னாளில் உலகின் கிட்டார்களுக்குள் புகுந்தது. பழைய வீடுகளிலும் ஆற்றடியிலும் கிடைக்கும் மரத்தைக் கைவினைஞர்கள் தேடுவதற்கு அதன் ஒலியே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காலவரிசைப்படி பார்த்தால் ஒலிக்கு முன்னால் தட்டுப்பாடும் காட்டுச் சட்டமும் நிற்கின்றன என்பதே என் முடிவு.

அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் நெடுங்காலம் பிரேசில் ஈட்டியை நம்பியிருந்தது. அகலப் பலகை அரிதாகவே, 1965-இல் டி-35 என்ற வகையை வெளியிட்டது. அதன் பின்பலகை இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளை ஒட்டியது. பற்றாக்குறை வடிவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை. பிரேசிலில் கட்டைகளின் ஏற்றுமதி நின்றபின், 1969-இல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மலைகளின் மரம் அதன் வழக்கமான மரமாயிற்று. 1992-இல் பிரேசில் ஈட்டி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏறியது. பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்டக் கூடாதென 1994-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019-இல்தான் விலக்கு கிடைத்தது.

புது மரத்தின் வாசல் இப்படி ஒவ்வொன்றாக மூட, கைவிடப்பட்ட மரத்துக்கு மதிப்பு கூடியது. பெலீசின் காட்டில் 1965-இல் வெட்டப்பட்டுப் பள்ளத்தில் விழுந்து கிடந்த ஒரு மகோகனி, பல ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டு விலையுயர்ந்த கிட்டார்களாயிற்று. 1995-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் சரக்கு அடுக்கும் பலகைத் தட்டின் மரத்திலேயே ஒரு கிட்டார் செய்து காட்டினார். அதற்கும் நெடுங்காலம் முன்பு, 1862-இல், ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் தோரெஸ் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்திருந்தார். ஒலியைப் பெரிதும் தாங்குவது மேற்பலகை என்று நிறுவுவதே நோக்கம். 2018-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் 52 வாத்தியக்காரர்கள், பின்மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை மரம் தெரியாதபடி வாசித்தார்கள். மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் பழைய மரத்துக்குத் தனிக் குணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரத்தில் ஹெமிசெல்லுலோஸ் சிதைவதால் அது ஈரத்தைக் குறைவாக இழுக்கிறது. மழைக்காலத்தில் வளைவதும் குறைவு. கடற்காற்று வீசும் வட்டக்கோட்டைப் பக்கத்துக்கு இது சிறிய நன்மையல்ல.

நாஞ்சில் நாட்டில் இடிபடும் வீடுகளிலிருந்து உத்திரம், நிலை, பத்தாயப் பலகை எல்லாம் கழன்று வருகின்றன. எல்லாமே கிட்டாருக்கு உதவாது. பின்பலகையின் ஒரு பாதிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் வேண்டும், இழைத்தபின் கனம் இரண்டரை மில்லிமீட்டர்தான். கழுக்கோல் ஒல்லி, உத்திரமே பொருத்தம். அதிலும் துளையடித்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஆணி துருவேறிய இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

இங்கே ஈட்டியைவிடப் பலாவின் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க் கொட்டாரத்தின் செதுக்குத் தூண் பலா. தஞ்சாவூர் வீணையும் பலா. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. சைட்டிஸ் பட்டியலில் பலாவுக்கு இடமில்லை. பழைய ஈட்டி உத்திரத்தை வாங்குகிறவருக்கோ, அது எந்த ஊர், எந்த வீடு, எப்போது கட்டியது என்று காட்ட ஆவணம் தேவைப்படும். இடிப்பவர்களிடம் அது அநேகமாக இருப்பதில்லை. வீட்டைப் பிரிக்கும் அன்றே ஊர்ப்பெயரையும் மரவகையையும் கட்டிய ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி, உத்திரம் வீட்டில் நிற்கும்போது எடுத்த படத்தையும் சேர்த்து மரத்தோடு கொடுக்கும் வழக்கம் இப்போதே தொடங்க வேண்டும்.