அச்சமும் தலைமுடியும்: சீன வைத்தியம் சொன்ன கணக்கு



கணக்குப் பார்க்க வருகிற எம்மவர்கள் வரவு செலவோடு வேறு கதைகளும் சொல்வார்கள். "இங்கே வந்து மூன்று மாதத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது, தண்ணீர் ஒத்துவரவில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்ணீர்தான் காரணமா? சீன வைத்திய வரலாறு வேறு பதில் தருகிறது.

ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையான 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் நூல், சிறுநீரகத்தின் செழிப்பு தலைமுடியில் தெரியும் என்கிறது. அச்சம் சிறுநீரகத்தையும், கோபம் ஈரலையும், ஓயாத யோசனை மண்ணீரலையும் தாக்கும் என்றும் சொல்கிறது. பின்வந்த வைத்தியர்கள் தலைமுடியை 'இரத்தத்தின் மிச்சம்' என்றார்கள். எங்கள் தொழிலில் சொல்வதானால், முதலே கரையும்போது மிச்சம் ஏது?

கி.மு. 522 இல் தந்தையையும் தமையனையும் அரசன் கொல்ல, சூ நாட்டிலிருந்து தப்பியோடியவர் வூ சிசு. எல்லைக் காவலைக் கடக்க வழியின்றித் தவித்த ஒரே இரவில் அவர் தலை நரைத்தது என்பது சீனரின் பழங்கதை. எல்லை கடந்த எமக்கு அது விளங்காத கதையல்ல.

இந்த வைத்தியம் 1850களில் தங்கம் தேடி வந்த சீனரோடு விக்டோரியாவுக்கு வந்தது. 1855 இல் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண் வரி விதிக்கப்பட்டது. அதைத் தவிர்க்கப் பலர் தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, பல நூறு கிலோமீற்றர் நடந்தார்கள். அவர்களின் மூலிகை வைத்தியத்துக்கு 2000 ஆம் ஆண்டில் விக்டோரியா பதிவுச் சட்டம் இயற்றியது. 2012 ஜூலை முதல் அந்தப் பதிவு நாடு முழுவதற்குமானது.

நவீன வைத்தியமும் ஓரளவு உடன்படுகிறது. பெரும் அதிர்ச்சியோ காய்ச்சலோ வந்தால் பல முடிகள் ஒருசேர ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்களின் பின் கொட்டும். 1961 இல் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் இதற்கு 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்று பெயரிட்டார். பெரும்பாலும் முடி திரும்ப வளரும்.

ஒரு எச்சரிக்கை. முடிக்குப் புகழ்பெற்ற சீன மூலிகை 'ஹே ஷௌ வூ' ஈரலைப் பாதிக்கலாம் என்று 2006 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். முதலில் குடும்ப வைத்தியரிடம் இரும்புச்சத்து, தைரோயிட் பரிசோதனை செய்யுங்கள். பழைய அச்சம் இன்னும் உறங்கவிடாவிட்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சிட்னியில் 1988 முதல் 'ஸ்டார்ட்ஸ்', மெல்பேர்ணில் 1987 முதல் 'பவுண்டேஷன் ஹவுஸ்' என்பன எம்போன்றோருக்காகவே இயங்குகின்றன. அங்கே போவது வெட்கமல்ல.